எண்ணாமல் எழுதிய இருபது

முதலில் வந்தது தொடைத் துடிப்பு. அப்போது நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு. மயிலாப்பூரில் ஒரு மருத்துவமனையில் வார்டு பயிற்சி. யூனிஃபார்ம் பாக்கெட்டில் போன் அதிர்வதுபோல வலது தொடை துடிக்கும். எடுத்துப் பார்த்தால் ஒன்றும் வந்திருக்காது. போனை வீட்டில் மறந்துவிட்டு வந்த நாளிலும் துடித்தது. அன்றே பயந்திருக்க வேண்டும். நானோ தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன். அவர்களில் இரண்டு பேர் "எனக்கும்டி" என்றார்கள்.

நர்சிங் படிக்கிற உங்களில் யாருக்காவது இது இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. டூட்டி மாற்றம், அசைன்மென்ட், யார் கொண்டை சரியில்லை என்பது வரை எல்லாம் அதில்தான் வரும். ஒருமுறை டூட்டி மாறிய செய்தியைப் பார்க்காமல் வேறு வார்டுக்குப் போய்விட்டேன். அத்தனை பேர் இருக்கும் குழுவில் என் பெயரைப் போட்டு எங்கள் வகுப்பு ஆசிரியை திட்டினார். அதன்பின் அதைப் பார்க்காமல் ஐந்து நிமிடம்கூட இருக்க முடியவில்லை. பார்க்கப் போன கை அங்கேயே நிற்குமா? ரீல்ஸ், பள்ளியில் கூடப் படித்து இன்று பெருங்குடி ஐ.டி. கம்பெனியில் சம்பாதிப்பவளின் படங்கள், மறுபடி குழு. தூக்கம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்தது. டீயைக் குறைத்துப் பார்த்தேனே தவிர போனைக் குறைக்கவில்லை.

வார்டில் தினமும் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு நான்கையும் பார்த்து ஒவ்வொருவர் சார்ட்டிலும் எழுத வேண்டும். மூன்றைக் கருவி சொல்லிவிடும். மூச்சை மட்டும் கண்ணால் எண்ண வேண்டும். நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று ஒரு முழு நிமிடம். எண்ணுவது தெரிந்தால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே எண்ணச் சொல்லித் தருவார்கள். முதல் வருடம் ஒழுங்காகத்தான் எண்ணினோம். அப்புறம் சீனியர்களைப் பார்த்துப் பழகிக்கொண்டோம். எண்ணாமலே எல்லாருக்கும் இருபது, பெரியவர்களுக்கு இயல்பான அளவுக்குள் வரும் எண். காய்ச்சலில் கொதிப்பவருக்கும் இருபது, பக்கத்தில் குறட்டை விடுபவருக்கும் இருபது. யாரும் கேட்டதில்லை.

நான் இன்னும் கெட்டிக்காரி. ஒரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த எழுதும் பேடில் சார்ட் தாளின் மறைவில் போனை வைத்துப் பார்ப்பேன். பார்க்கிறவருக்கு, குனிந்து கவனமாக எண்ணுகிறேன் என்றே தோன்றும். அப்படி ஒரு நிமிடம் நிற்பேன். அது எனக்கு ஓய்வு.

ஒன்பதாம் படுக்கையில் ஏழுமலை என்பவர் இருந்தார். மந்தைவெளியில் ஆட்டோ ஓட்டுபவர். சர்க்கரை நோய், அதோடு காலில் செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் பரவும் கிருமித் தொற்று). நான் கையைப் பிடிக்கும்போதெல்லாம், "இன்னாமா, இன்ஜின் ஓடுதா?" என்று கேட்பார்.

"நல்லா ஓடுதுண்ணா" என்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையும் கேட்டார். குரல் துண்டு துண்டாக வந்தது. காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. குழுவில் அப்போதுதான் மதிப்பெண் பட்டியல் வந்திருந்தது. நல்லா ஓடுது என்று சொன்னேன். இருபது என்று எழுதினேன்.

மதியம் டூட்டி மாறி வந்த ஸ்டாஃப் நர்ஸ் எண்ணியபோது முப்பத்தெட்டு. செப்சிஸ் (தொற்று ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதையும் தாக்குவது) என்றார்கள். அதில் மற்ற அறிகுறிகளுக்கு முன்பே மூச்சு வேகமெடுக்கலாம் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அவரை ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள். நான்காம் நாள் இறந்துபோனார். என்னை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, விட்டுப்போன எக்ஸ்ரே பிலிமை வாங்க அவர் மனைவி வார்டுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உன்னப் பத்திதாம்மா சொல்லிக்கினே இருந்தாரு. எல்லாரும் வராங்க போறாங்க, இந்தப் பொண்ணு மட்டும்தான் ஒரு நிமிஷம் நின்னு பாக்குதுன்னு. நீ நல்லா இருக்கணும்."

மறுநாள் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. தரமணி வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். ஐந்து நாள் குளிக்கவில்லை. போனை எடுப்பேன், வைப்பேன், மறுபடி எடுப்பேன். செத்துப்போனால் தேவலை என்று தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து மறைத்துத்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அம்மா ஓர் ஐ.டி. கட்டடத்தில் துப்புரவு வேலை பார்ப்பவள். "இன்னாடி கீது உனக்கு? காதல் கீதல்னா சொல்லித் தொலை" என்றாள். சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "வெளிய சொன்னா படிப்பு பூடும். வாய மூடிக்கினு இரு" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். மறுநாள் லீவு போட்டு அடையாறில் ஒரு மனநல மருத்துவரிடம் என்னை அழைத்துப்போனாள்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பதற்றக் கோளாறும் (ஆபத்து இல்லாதபோதும் உடம்பு ஆபத்தில் இருப்பதுபோல இயங்குவது) மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது என்றார் மருத்துவர். "எல்லாம் இந்த போனாலதான்னு எழுதிக் குடுங்கம்மா, காலேஜ்ல காட்டுறேன்" என்று அம்மா கெஞ்சினாள்.

"போன் இவளைப் படுத்தியிருக்கு, அதை எழுதித் தரேன். எண்ணாம எழுதினது இவதான்" என்றார் அவர்.

"நான் அவரைக் கொன்னுட்டேனா டாக்டர்?"

"நாலு மணி நேரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா பொழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாதும்மா. உனக்கும் தெரியாது. ஆனா நீ எண்ணலைங்கறது உனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லு. அதுக்கு மாத்திரை கிடையாது."

மற்றதற்கு மாத்திரை தந்தார். வாரம் ஒரு நாள் பேச்சு சிகிச்சை. பட்டன் போனுக்கு மாறினேன். முதல் இரண்டு வாரம் நரகம். கை சும்மா இருக்கத் தெரியாமல் சேலை முந்தானை முதல் பால் கவர் வரை எதையாவது தடவிக்கொண்டே இருந்தது. ஆறாவது வாரம் தூக்கம் வந்தது. தொடைத் துடிப்பு நிற்க நான்கு மாதம் ஆயிற்று.

நடந்ததைக் கல்லூரியில் எழுத்தில் கொடுத்தேன். "இதைப் போய் ஏம்மா எழுதிக் கொடுக்கற?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்கள். ஒரு செமஸ்டர் திரும்பப் படிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. வகுப்புக் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். தோழிகள் பேசுவதை நிறுத்தினார்கள். என் இருபதைச் சொன்னால் அவர்கள் இருபதையும் சொன்னதாகத்தானே ஆகும்? கோபம் வரவில்லை.

ஏழுமலையின் மனைவியிடம் நிர்வாகமே பேசும் என்றார்கள். பேசினார்களா தெரியாது. நானே போய்ச் சொல்ல இரண்டு முறை கிளம்பி, லஸ் பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பிவிட்டேன். நான் கோழைதான்.

குணமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஆனால் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கண் அவர்கள் நெஞ்சுக்குப் போய்விடுகிறது. ரயிலில் எதிர் இருக்கைக்காரர் பதினாறு. சோறு போடும்போது அம்மா பத்தொன்பது. நிறுத்த முடியவில்லை.

ஆறு மாதம் கழித்து வார்டுக்குத் திரும்பிய முதல் நாள், பெண்கள் வார்டில் வயதான ஓர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு நிமிடம் அவ்வளவு நீளம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எண்ணி முடித்தேன். இருபது. நம்பாமல் மறுபடி எண்ணினேன். இருபது. பேனா நகரவில்லை. சிஸ்டரைக் கூப்பிட்டு எண்ணித் தரச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அவரும் முழு நிமிடம் நின்று எண்ணினார்.

"இருபதுதாம்மா. எழுதேன், இன்னா இப்ப?"

எழுதினேன். பார்ப்பதற்கு அன்று எழுதியதுபோலவேதான் இருந்தது.