கண்ணபிரான் வாத்தியார் தேய்த்துக்கொண்ட இலை

ராஜபாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினெட்டு வருஷம் தாவரவியல் நடத்திய கண்ணபிரான் வாத்தியார், செடியைத் தொட்டதெல்லாம் பழைய செய்தித்தாளுக்குள்தான். முன்னால் இருந்தவர் உலர்த்தி ஒட்டிவிட்டுப் போன இலைகள். பெயர்ச்சீட்டுகள் உதிர்ந்தபோது இவராகத் தோன்றியபடி ஒட்டிக்கொண்டார். செந்தட்டிக்குக் குப்பைமேனி என்று பெயர் விழுந்தது அப்படித்தான். பச்சையாகத் தொட்டால் அரிக்கிற செடி; காய்ந்த சருகில் அந்தச் சுணை ஏது? அதை வருஷா வருஷம் தடவிக் காட்டிப் பாடம் நடத்தினார், மகாராசன். நிஜமான குப்பைமேனி பள்ளிக்கூடத்துக் குழாயடியிலேயே மண்டிக் கிடந்தது. குனிந்து பார்த்தால் கௌரவம் என்னாவது!

1988-இல் தலைமையாசிரியர் ஓய்வுபெறப் போகிறார் என்றதும், மனிதருக்கு அந்த நாற்காலி மேல் கண் விழுந்தது. அதைக் கொடுக்கிறவர் தாளாளர் ஆராவமுதன். அவர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே பிளஸ் டூ பிள்ளைகளை வத்திராயிருப்பு மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். தாளாளரையும் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தார்.

வரப்போரம் அந்த இலையைக் கண்டதும் வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். இது குப்பைமேனி, சொறி சிரங்குக்குக் கைகண்ட மருந்து, கசக்கித் தேய்த்தால் போதும் என்று முழங்கினார். தேவதானத்தில் ஆடு வளர்க்கிற வீட்டுப் பெண் செல்லக்கனி பதறிப்போனாள்.

"சார், அது செந்தட்டி. மேல பட்டா அரிச்சே கொன்னுரும்."

"ஆட்டுக்கார வீட்டுப் பிள்ள எனக்கு பாட்டனி சொல்லித் தாரியோ?" என்று கேட்டுவிட்டு, தாளாளர் பார்க்கட்டும் என்று மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பரபரவென்று தேய்த்துக்கொண்டார்.

அவ்வளவுதான். கை தடித்துச் சிவந்தது, கண்ணில் நீர் கொட்டியது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, குடியா முழுகிவிடும்? சொல்வாரா! மருந்து வேலை செய்கிறது, கெட்ட நீர் இறங்குகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் பாடம் நடத்தினார். மறுநாள் செல்லக்கனி தன் ரெக்கார்டு நோட்டில் செந்தட்டி என்றே எழுதிக்கொண்டு வந்தாள். அதை அடித்துக் குப்பைமேனி ஆக்கும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். பிராக்டிகல் மார்க்கு போய்விடுமே என்று அவளும் அடித்தாள். வெட்கங்கெட்ட பிழைப்பு.

ஜூன் மாதம் நாற்காலி கண்ணபிரானுக்கே கிடைத்தது. ஒரு செடி தெரியாத ஆளுக்கா என்று கிளார்க் தங்கச்சாமி தாளாளரிடம் கேட்டேவிட்டார்.

தாளாளர் சிரித்தார். "எனக்கு மட்டும் செந்தட்டி தெரியாதாய்யா? கை வெந்துபோயும் இல்லைன்னு சாதிச்சாம்பாரு. இன்ஸ்பெக்சனுக்கு வாரவுக முன்னால நிக்க நமக்கு இந்த ஆளுதான் வேணும்."