போர்ட்டோ ரிக்கோவில் வாழைக்காய் தின்னாமல் ஐந்து நாள்

முதலில் நல்ல செய்திகள். என் மூத்த பேத்தி யாழினிக்கு இன்ஜினியரிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது, பாதிச் செலவுக்கு ஸ்காலர்ஷிப்போடு. பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பாடத்திலும் அவள்தான் முதல். அவள் தம்பி கவின், பன்னிரண்டு வயது, ரோபோ போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினான். கலிஃபோர்னியா டப்ளினில் இருக்கும் மகள் வீட்டுப் பேரன் ஆதவ் வயலினில் அடுத்த நிலைக்குப் போயிருக்கிறான். அவனை விட்டுவிட்டு எழுதினால் அங்கிருந்து உடனே போன் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதையெல்லாம் எழுதும்போது கை நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழினிக்கு இடம் கிடைத்த சந்தோஷத்துக்குத்தான் இந்தப் பயணம். மார்ச் மாதம், பள்ளி விடுமுறை வாரம். மகன் செந்தில், மருமகள் கவிதா, பிள்ளைகள் இரண்டு, நான். கரீபியன் கடலில் எத்தனையோ தீவு இருக்கிறது. போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவைச் சேர்ந்தது, தனி விசா வேண்டாம் என்று செந்தில் அதைத் தேர்ந்தெடுத்தான். கிரீன் கார்டை மட்டும் மறக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு டெக்ஸஸில் ஆலன் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டினோம். டாலஸ் விமான நிலையம் முப்பது மைல். 9.40க்கு விமானம். நாலே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அங்கே நேரம் ஒரு மணி முன்னால் ஓடுவதால் சான் வான் நகரில் இறங்கும்போது பிற்பகல் 3.20. வெளியே வந்ததும் முகத்தில் அடித்த புழுக்கம் அப்படியே நம் ஊர் மே மாதம். டெக்ஸஸ் வெயில் காய்ந்த வெயில். இது வேறு.

இந்தப் பக்கத்தின் மேலே இருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். காசியில் படகில் எடுத்தது. பக்கத்தில் சிரிப்பவர் என் வீட்டுக்காரர். பதினான்கு வருஷம் முன்னால் எங்கள் தெருக்காரர்களோடு ரயிலில் போனோம். காசிக்குப் போனால் ஒரு காயை விட வேண்டும் என்பது வழக்கம். எனக்கு உயிரான வாழைக்காயை விட்டேன். அவர் விட்டது பாகற்காய். பிறந்ததிலிருந்து அவர் அதைத் தொட்டதே கிடையாது.

"சாமியையே ஏமாத்தறீங்களா?" என்றேன்.

"சாமிக்கு என்ற நாக்கைப் பத்தித் தெரியும், நீ கம்முனு இரு" என்றார்.

ஊர் திரும்பிய பிறகு சந்தையில் வாழைக்காய்ப் பக்கமே அவர் போகவில்லை. விருந்துக்குப் போனாலும் இலையில் வறுவல் வைக்க வந்தால் கையைக் குறுக்கே நீட்டிவிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர் விட்டது ஒரு காய் என்றுதான் சாமிக்குத் தெரியும். இரண்டு என்று எனக்குத் தெரியும். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

இப்போது பாருங்கள். போர்ட்டோ ரிக்கோவில் சைவக்காரருக்குச் சாப்பாடு என்றால் வாழைக்காய். தட்டிப் பொரித்த வாழைக்காய், இடித்து உருட்டிய வாழைக்காய், சீவி வறுத்த வாழைக்காய். சோறும் பயறும் உண்டு, ஆனால் பெரும்பாலும் பன்றிக்கறியோடு வேகவைத்து விடுகிறார்கள். இதை விசாரிக்காமல் கிளம்பியது எங்கள் தப்பு. கவிதா கொண்டுவந்த புளிக்காய்ச்சலும் குட்டி ரைஸ் குக்கரும் இரண்டு நாள் காப்பாற்றின.

ஞாயிறு பழைய நகரம். நீலக் கற்கள் பதித்த தெருக்கள், மஞ்சளும் பச்சையுமாக வீடுகள். கடலோரக் கோட்டைக்கு ஆளுக்குப் பத்து டாலர் கொடுத்தோம், கவினுக்கு இலவசம். கோட்டைக்கு முன்னால் உள்ள புல்வெளியில் ஊரே பட்டம் விடுகிறது. காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், நிழலே இல்லை.

திங்கள் மழைக்காடு. சான் வானிலிருந்து காரில் ஒரு மணி நேரம். என்னைப் போல முட்டி வலிக்காரர்களுக்கு ஒரு நல்ல சேதி, ஓர் அருவி சாலையிலிருந்தே தெரியும், இறங்கி நாலடி நடந்தால் போதும். அன்று காலை ஒரு ரொட்டித் துண்டுதான் தின்றிருந்தேன். புளிக்காய்ச்சல் தீர்ந்திருந்தது. அருவியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. எனக்குச் சர்க்கரை உண்டு.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லுகியோ கடற்கரை. தென்னை வரிசை, அலையில்லாத தண்ணீர், சாலையோரம் அறுபது சாப்பாட்டுக் கடை. செந்தில் ஒரு கடையில் உட்கார வைத்து, பொரித்த வாழைக்காய்த் தட்டை என் முன்னால் நகர்த்தினான்.

"அம்மா, மாத்திரை போடணும். வெறும் வயித்துல எப்படிப் போடுவ? ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது."

"பாட்டி, ஜஸ்ட் ஒன் பைட்!" என்றான் கவின். "காட் வோன்ட் நோ."

வாசனை மூக்கைத் துளைத்தது. பதினான்கு வருஷம். கை தட்டு வரைக்கும் போனது, பொய் சொல்ல மாட்டேன். அப்போது இலைக்குக் குறுக்கே நீட்டிய அவர் கை ஞாபகத்துக்கு வந்தது. தட்டைத் தள்ளி வைத்தேன். செந்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

கடைக்கார அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். என் வயதுதான் இருக்கும். வந்து யாழினியிடம் ஏதோ கேட்டார்.

"பாட்டி, ஃபுட் நல்லா இல்லையான்னு கேக்கறாங்க. வாட் டு ஐ டெல் ஹெர்? வொய் டோன்ட் யூ ஈட் இட்?"

சாமிக்கு விட்டது என்பதற்கு மேல் இத்தனை வருஷத்தில் யாரும் என் பேத்திக்குச் சொல்லவில்லை. நானும்தான். காசி, படகு, பாகற்காய், தாத்தா கையை நீட்டியது எல்லாம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் ஸ்பானிஷில் சொன்னாள். பாதி சொல்வதற்குள் அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து "ப்ரொமேசா!" என்றார். நம் நேர்த்திக்கடனுக்கு அவர்கள் பெயர் அதுவாம். அவர் விட்டது காப்பி. மகனுக்கு உடம்பு முடியாமல் போனபோது விட்டாராம், இருபது வருஷம் ஆகிறதாம்.

"பையன் இப்ப எப்படியிருக்கான், கேளு கண்ணு."

யாழினி கேட்டாள். அந்த அம்மா அடுப்படியைக் காட்டினார். தலையில் துணி கட்டிய தடித்த ஆள் ஒருவன் எண்ணெயில் கரண்டி போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தான்.

பத்தே நிமிஷத்தில் ஒரு தட்டு வந்தது. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, எங்கள் நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். மேலே பூண்டும் எண்ணெயும், ஓரத்தில் அவகாடோ. ஒன்பது டாலர். ஒரு துண்டு விடாமல் தின்று மாத்திரை போட்டேன். செந்தில் திரும்பி வந்து, என் தட்டிலிருந்தே ஒரு கிழங்கை எடுத்துக் கடித்தான். அவனுக்கு வாங்கிய வாழைக்காயைக் கடைசி வரை தொடவில்லை. அப்பனைப் போலவே.

செவ்வாய் முழுக்கக் கடற்கரையில் கழிந்தது. புதன் திரும்பினோம். போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். சைவம் என்றால் "கறியில்லாமல்" என்று சொன்னால் பற்றாது, பயறு எதில் வெந்தது என்று கேளுங்கள். யூக்கா என்று கேட்டால் குச்சிக்கிழங்கு கிடைக்கும். திரும்பும்போது விமான நிலையத்தில் செடி, பழம் இருக்கிறதா என்று பெட்டியைத் தனியாகச் சோதிப்பார்கள், மாம்பழம் வாங்கி ஒளித்து வைக்காதீர்கள். மூன்று நாளுக்கு மேல் தங்கினால் புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில். உங்கள் வீட்டில் யாராவது காசியில் எதையாவது விட்டிருந்தால், ஏன் விட்டார்கள் என்று கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

கவிதா, நான் நோட்டில் எழுதியதைத் தட்டச்சு செய்வது நீதான், அதனால் உனக்கே சொல்கிறேன். படத்தை மாற்றலாமா என்று நீ கேட்ட போதெல்லாம் வேண்டாம் என்றேன். இப்போது மாற்று அம்மணி. காசிப் படத்தை என் மேசைக்கு அச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவும் நானும் கிழங்குத் தட்டோடு நிற்கிறோமே, யாழினி எடுத்தது, அதை மேலே போடு. என் தலை கலைந்திருக்கிறது, பரவாயில்லை.