காலி நாற்காலிக் கணக்கு

“கடைசியா வந்தது யாரு? கையைத் தூக்குங்க.”

கூடம் நிறைய ஆள் இருந்தால் இப்படித்தான் ஆரம்பிப்பார் அந்தக் கண் மருத்துவமனையின் பதிவு மேசைக்கார அம்மாள். கோப்புக் கட்டை அடியிலிருந்து பிரிப்பார். செய்தித்தாளைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுவார். ஊழியர்கள் வைத்த பெயர் கடைசியக்கா. “முன்னாலேருந்து பார்த்தா எல்லாரும் நல்லவங்களாத்தான் தெரிவாங்க” என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார். தேநீர் மட்டும் ஆறி அவலாகிப் போன பிறகு ஒரே மடக்கில் குடிப்பார்.

என் மாமியாரின் கண்புரைக்காக நான் போயிருந்த நாள். வெளியூர் டாக்டர் நாலு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அன்று வந்தவர்கள் இருபது பேர். அவர் ரயிலேறுவதற்குள் பன்னிரண்டு பேருக்குத்தான் அறுவை நடக்கும். மீதி எட்டுப் பேருக்கு அடுத்த நாலு மாதம் பனிமூட்டம்தான்.

டாக்டர், ஆட்கள் வந்த வரிசைப்படி ஒவ்வொருவரையும் பார்த்து, கண்ணின் அவசரத்துக்குத் தக்கபடி, “இவரை மூணு பேருக்குப் பின்னால போடுங்க” என்பார். கடைசியக்கா கணினிப் பட்டியலில் அந்த இடத்தில் செருகிவிட்டு, சீட்டில் இரண்டே எண் எழுதிக் கொடுப்பார்: எத்தனையாவதாக வந்தவர், அந்த நிமிஷத்தில் அவருக்கு முன்னால் எத்தனை பேர்.

இருபதாவது சீட்டை எழுதிய கையோடு கணினி ‘டப்’பென்று செத்தது. பட்டியல் போயே போச்சு. டாக்டரோ உள்ளே கையைக் கழுவிக்கொண்டு, “எனக்கெப்படி ஞாபகம் இருக்கும், பட்டியலை அனுப்புங்க” என்று நர்ஸிடம் சொல்லியனுப்பிவிட்டார்.

கூடத்தில் ரகளை. ஐந்து பேர் சீட்டில் ‘முன்னால் 0’ என்றிருந்தது, ஆகவே ஐந்து பேருமே முதல் ஆள். காவலாளி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பி, முதல் சீட்டிலிருந்து ஒவ்வொருவராக வரிசையில் செருகினார். ஒருவர் நடுவில் நுழைந்தால் அவருக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து ஒரு நாற்காலி நகர வேண்டும். கண் தெரியாத கூட்டம் அது. ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தார்கள். ஏழாவது சீட்டுக்குள் ஒரு பெரியவர், “என்னை விட்டுடுப்பா, நான் நின்னுக்கறேன்” என்று சுவரோரம் ஒதுங்கிவிட்டார்.

“எல்லாரும் எழுந்திருங்க” என்றார் கடைசியக்கா. வரிசைக்கு ஐந்தாக நாலு வரிசை நாற்காலி போடச் சொன்னார். ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் தரையில் சாக்பீஸால் 5 என்று எழுதினார். அந்த வரிசையில் காலி எத்தனை என்ற கணக்கு அது.

இருபதாவதாக வந்தவர் சீட்டில் ‘முன்னால் 6’. “உங்களுக்கு அப்புறம் யாரும் வரல. அதனால உங்க சீட்டு ஒண்ணுதான் இன்னும் பொய்யாகல. ஏழாவது நாற்காலி.” இரண்டாம் வரிசையின் 5, 4 ஆனது. பத்தொன்பதாவது ஆளுக்கு ‘முன்னால் 8’. “உக்காந்திருக்கிறவரை எண்ணாதீங்க, நீங்க வந்தப்போ அவர் வரவே இல்லை. ஒன்பதாவது காலி உங்களோடது. முதல் வரிசை அஞ்சு, ரெண்டாவது நாலு. அந்த வரிசைக் கடைசில போய் உக்காருங்க.”

நாற்காலி நாற்காலியாக அவர் எண்ணவே இல்லை. தரையில் இருந்த எண்களைக் கூட்டிக்கொண்டே போனார். உட்கார்ந்தவர் ஒருவர்கூட மறுபடி எழவில்லை. கல்லூரியில் கணக்குப் படித்தவன் என்று வெளியே சொல்லிக்கொண்டு திரிகிற நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கால் மணி நேரத்தில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்தாயிற்று.

மிச்சம் இரண்டு நாற்காலி, பன்னிரண்டும் பதிமூன்றும்: ஒன்றுக்கு இன்றே அறுவை, மற்றதற்கு நாலு மாதம். மிச்சம் இரண்டு ஆள். இரண்டாவதாக வந்த என் மாமியார், முதலில் வந்த ஒரு பேருந்து ஓட்டுநர். அவர் காலையிலேயே என்னிடம் புலம்பியிருந்தார்: அடுத்த மாதம் கண் பரிசோதனை, தேறாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள், மகள்கள் இரண்டு பேர் படிக்கிறார்கள்.

கடைசியக்கா என் மாமியாரின் சீட்டை வாங்கினார். வியர்த்த கையில் மை ஊறி, எண் கலங்கிப்போயிருந்தது. 0 என்றும் சொல்லலாம், 1 என்றும் சொல்லலாம். 1 என்றால் மாமியாருக்கு முன்னால் ஓட்டுநர், பன்னிரண்டாவது நாற்காலி அவருக்கு. மாமியாருக்குக் கண் தெரியாது, நானும் அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்த்ததில்லை, காவலாளிக்கோ அந்த ரகளையில் யார் சீட்டில் என்ன பார்த்தோம் என்றே நினைவில்லை. கடைசியக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூஜ்யம்தான். நான் எழுதினது எனக்குத் தெரியாதா” என்று மாமியாரைக் கைப்பிடித்துப் பன்னிரண்டில் உட்காரவைத்தார். பிறகு ஓட்டுநர் பக்கம் திரும்பினார். “அண்ணா, நீ பதிமூணுல உக்காரு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊருக்கெல்லாம் சொல்கிற அண்ணா இல்லை, ‘நீ’ போட்டுக் கூப்பிடுகிற அண்ணா; கூடப்பிறந்தவர். காலையிலிருந்து இந்த அம்மாள் அவரிடம் ஒரு தனிப்பேச்சு உண்டா, ஒரு சலுகை உண்டா?

“நான்தானேம்மா முதல்ல வந்தேன்?”

“வந்தது நீதான் முதல்ல. அப்புறம் வந்ததுல பன்னெண்டு பேர் உன்னைத் தாண்டிப் போயிட்டாங்கண்ணா.”

“அடுத்த மாசம் டெஸ்ட்டு...”

“தெரியும்.”

நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நர்ஸ் வந்து, நாற்காலி வரிசைப்படி எழுதிய பட்டியலை வாங்கிப்போனாள். எந்தக் கண்ணில் அறுவை என்று டாக்டருக்குத் தெரிவதற்காக எல்லோர் புருவத்துக்கும் மேலே ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கடைசியக்கா அண்ணன் முன்னால் குனிந்தார். முடி இழுபட்டு வலிக்காதபடி இடது கட்டைவிரலால் புருவத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிளாஸ்திரியை மெதுவாக உரித்தெடுத்தார்.