பிளக்கில் ஒரு சொட்டு ரப்பர் பால்

அன்றைக்கு மூன்று மணிக்குப் பரீட்சை. எனக்கில்லை, என் வீட்டு இணையத்துக்கு. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களோடு பேசும் வேலை, தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்கள். வைஃபை கூடாது, கம்பியில்தான் இணைக்க வேண்டும், வேகம் குறைந்தால் ஆள் வேண்டாம் என்பது அவர்கள் சட்டம். நேற்றும் முந்தாநாளும் குறைந்துவிட்டது. இன்று மூன்று மணிச் சோதனையிலும் குறைந்தால் வேலை போச்சு. ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்து செய்ய இன்னொரு வேலை எனக்கு யார் தருவார்?

ஒரு மணிக்குப் பார்த்தேன். ஆமை வேகம். இணையம் தந்தவர்களுக்குப் போன் போட்டால், "ஹெட்ட எனவா" என்றான் ஒருவன் சிங்களத்தில். நாளைக்கு வருவார்களாம். நாளைக்கு வந்து என்ன, என் வேலைக்குக் கருமாதி செய்யவா?

ரவுட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். அதே கதை. கைபேசியில் வைஃபையைப் போட்டால் பறக்கிறது. அப்படியானால் வெளியிலிருந்து வருவது சரி. கோளாறு கம்பியிலோ கம்ப்யூட்டரிலோ. ரவுட்டரின் வேறு துளையில் செருகினேன். மாற்றமில்லை. திரையில் இணைப்பு விவரத்தைத் திறந்தேன். ஆயிரம் என்று காட்ட வேண்டிய இடத்தில் பத்து. கம்ப்யூட்டரே கெட்டுவிட்டதோ?

இரண்டு மணி தாண்டியதும் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி மாதம். மூன்று நாள் வெயிலுக்குப் பிறகு இன்று இடி நிச்சயம். போன வருஷம் பக்கத்து லயத்தில் கம்பி வழியாக மின்னல் இறங்கி டிவி வெடித்தது. அருகில் நின்ற அந்த வீட்டு அக்காவுக்கு இன்றுவரை ஒரு காது கேட்காது. அன்று முதல், முதல் முழக்கம் கேட்டதும் அம்மா ஓடிவந்து எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடுவார். இணையக் கம்பியும் தப்பாது. மழை விட்டதும் அவரே திரும்பச் செருகுவார்.

அப்படியானால் கடைசியாகச் செருகியவரும் அவர்தான்! கம்ப்யூட்டருக்குப் பின்னால் தவழ்ந்துபோய் பிளக்கை இழுத்தேன். வரவில்லை. பலத்தைக் கொடுத்து இழுத்தேன். வந்தது, மஞ்சள் தோல் ஒன்றையும் இழுத்துக்கொண்டு. அதன் சின்னச் சின்னச் செப்புப் பற்களில் பாதியை ரப்பர் பால் காய்ந்து மூடியிருந்தது.

"அம்மா! என்னா இது?"

ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "கிளிப்பு ஒடஞ்சிருச்சு. கழண்டு கழண்டு விழுந்துச்சு. ஒரு சொட்டு பால் வச்சு ஒட்டுனேன். நல்லாத்தான புடிச்சிருக்கு?"

செருப்பு அறுந்தாலும் வாளி ஒழுகினாலும் எங்கள் தோட்டத்தில் மருந்து அதுதான். "என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே, அம்மா!" என்று கத்தினேன். அவர் முகம் செத்துப்போனது. அதற்காக வருந்தக்கூட எனக்கு நேரமில்லை.

ஊசியால் ஒவ்வொரு பல்லாகச் சுரண்டினேன். துளைக்குள்ளும் சுரண்டினேன். செருகினேன். ஆயிரம்! கையை எடுத்ததும் பிளக் நழுவியது. டேப் ஒட்டினேன், நிற்கவில்லை. மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம்.

"நான் புடிச்சுக்கிறேன்," என்றார் அம்மா. மேசைக்குப் பின்னால் குந்தி, பிளக்கை விரல்களால் அழுத்திக்கொண்டார்.

கொழும்பிலிருந்து அழைப்பு வந்தபோதே மலைக்குப் பின்னால் முதல் முழக்கம் கேட்டது. அடுத்ததற்குத் தகரக் கூரையே அதிர்ந்தது. "முருகா, முருகா" என்று அம்மா முணுமுணுத்தார். பிடியை மட்டும் தளர்த்தவில்லை. விடுங்கம்மா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரையில் ஏறும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்னலுக்கு நானும் பயந்தேன்தான். வேலை போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

"லைன் நல்லா இருக்கு. நீங்க தொடர்ந்து வேலை செய்யலாம்," என்றது கொழும்புக் குரல்.

"அம்மா, போதும், விடுங்க!"

அம்மா விடவில்லை. கண்களை இறுக மூடியிருந்தார். இடிச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்னவோ. நான் மேசைக்கடியில் புகுந்து, பால் கறை படிந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.