அம்மா காட்டிய கால்கள்

நானும் அவளும் ஜோடி. பாட்டுக்கேற்ப இரண்டு பேர் ஒன்றுபோல் நீந்தும் போட்டிக்காக ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் பழகினோம். இருவருக்கும் பதினான்கு வயது. நான் உள்ளூர், அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலையில் முதல் பஸ்ஸில் வருவாள். தண்ணீருக்குள் பாட்டு சரியாகக் கேட்காது என்பதால், எங்கள் பயிற்சியாளர் அக்கா ஏணிக் கம்பியில் கரண்டியால் தாளம் தட்டுவார். அந்தத் தட்டுக்கு இருவரும் தலைகீழாகி, கால்களை மட்டும் மேலே நீட்ட வேண்டும்.

அவள் கால்கள் நட்டுவைத்த மாதிரி நிற்கும். என்னுடையவை எட்டு எண்ணுவதற்குள் ஆடத் தொடங்கிவிடும்.

"ஏட்டி, அவளப் பாத்துச் செய்யி" என்பார் அக்கா.

பார்க்காமலும் இருக்க முடியாது, ஜோடி நீச்சல் அப்படி. யாரைப் பார்த்தாலே வயிறு எரிந்ததோ, அவளையே பார்த்து அவளைப் போலவே கை வீசிக்கொண்டிருந்தேன்.

போட்டிக்கு முந்தின வாரம் அம்மா முதன்முறையாகப் பயிற்சி பார்க்க வந்தாள், பக்கத்து வீட்டு அத்தையையும் கூட்டிக்கொண்டு. எங்கள் இருவருக்கும் ஒரே நீல உடை, ஒரே தொப்பி. மூச்சு வாங்கியபடி நாங்கள் கரையேறியபோது, அம்மா செல்போனில் எடுத்த வீடியோவை அத்தையிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க மதினி, எம்மவ காலு எம்புட்டு நேரா நிக்கு! அந்தப் புள்ளைக்குத்தான் ஆடுது, பாவம்."

அம்மாவின் விரல் இருந்தது என் ஜோடியின் கால்களில். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஆமா அத்த, இவளப் பாத்துத்தான் நானே பழகுறேன்."

என்னைக் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நேரான கால்களும் அவளுக்கு, நல்ல மனசும் அவளுக்கு என்றால் எனக்கு என்ன மிச்சம்? அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை.

போட்டியில் இரண்டாம் இடம் வந்தோம். பிறகு மாநிலப் பயிற்சி முகாமுக்கு அவளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். அம்மா கொதித்துப்போனாள்.

"நேரா நிக்கது நீ, கூப்பிட்டது அவளையா? வா, ஒங்க நீச்சல் டீச்சர்ட்ட நான் கேக்கேன்" என்று செருப்பை மாட்டினாள்.

வாசலில் மறித்தேன். "அது என் காலு இல்லம்மா. ஆடுனதுதான் என் காலு."

அம்மா என்னையே பார்த்தாள். "இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபமா, வருத்தமா என்று நான் கேட்கவில்லை.

அவள் முகாமுக்குக் கிளம்பிய அன்று என்னை பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். காய்ச்சல் என்று பொய்யாகச் செய்தி அனுப்பினேன்.

"மாத்திர போட்டியா?" என்று உடனே பதில் வந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.