விலை விழும் நேரத்தில் வாங்கிய மனை

ரவிக்கை தைக்கிறவளிடம் அளவு கொடுக்க வருகிறவர்கள், அறிவுரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். வீட்டில் மெஷின் போட்டிருக்கும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஃபைனான்ஸ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்த வருஷம். நான் வேப்பம்பட்டில் மனை பார்க்கிற சேதி ஆவடியில் என் வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேருக்கும் எட்டிவிட்டது.

கழுத்து இறக்கம்

முதலில் வந்தவர் பேக்டரி குவார்ட்டர்ஸ் திருநெல்வேலி அக்கா. நிலத்தின் விலை பாதாளத்துக்குப் போகப்போகிறதாம். அவர் வீட்டுக்காரர் பேப்பரில் படித்தாராம். கழுத்தை எவ்வளவு இறக்கட்டும் என்று கேட்டேன். அதற்கு வந்த பதில்:

"கொஞ்சம் பொறுட்டி. ஆறு மாசம் போனா கத்திரிக்கா மாதிரி நிலத்தைக் கூறு கட்டிக் கூவி விப்பானுவ."

வேன் சவாரி

மனை விற்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் வாசலில் வேன் நிறுத்தி, இலவசமாகக் கூட்டிப்போய், சாப்பாடும் போட்டு அனுப்புவார்கள். எங்கள் தெரு மேரியக்கா சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக வேனில் ஏறிவிடுவார். வாங்குகிற எண்ணம் துளியும் கிடையாது. நானும் அவரோடு போனேன். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் என்று நான் விசாரித்துக்கொண்டிருக்க, அவர் கை கழுவிவிட்டு வந்து காதோடு சொன்னார்:

"தண்ணி கெடக்கட்டும்மா. போன வாரம் பார்த்த லேஅவுட்ல வடை நல்லா இருந்துச்சு. நீ அங்கியே வாங்கிடு."

மத்தியானத் தூக்கம்

எனக்கும் உள்ளுக்குள் ஆட்டம்தான். கழுத்துச் சங்கிலியை விற்று வாங்கிவிட்டு, விலை பாதியானால்? இந்த யோசனையில் இருந்தபோது வீட்டுச் சொந்தக்கார அம்மா ஜாக்கெட் வாங்க வந்தார். என் பிள்ளை கண் அசருவது மத்தியானத்தில்தான். அதனால் எனக்கு வேலை ஓடுவதும் அப்போது மட்டும்தான். அது தெரிந்தும் அவர் சொன்னது:

"உனக்கு இன்னாத்துக்கும்மா மனை? இங்கியே இரு, நான் போவச் சொன்னனா? மத்தியானத்துல மட்டும் மெஷின் மிதிக்காத. எங்க ஊட்டுக்காரர் தூங்கிகினு கீறாரு."

பக்கத்து மனைக்காரர்

மறுநாளே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். "விலை விழுந்துட்டா?" என்றார் என் வீட்டுக்காரர். "விழட்டுங்க, மண்ணுலதானே விழும்" என்றேன். பத்திரம் பதிந்து, ஓர் அறை எழுப்பி, ஆஸ்பெஸ்டாஸ் போட்டுக் குடியேறினோம். அப்புறம் விலை நிஜமாகவே விழுந்தது. லாபத்துக்கு விற்கலாம் என்று பக்கத்து மனையை வாங்கிப் போட்டிருந்தவர், ஒருநாள் உச்சிவெயிலில் வந்து தன் எல்லைக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் வாசலுக்கு வந்தார். உள்ளே பிள்ளை தூங்குகிறது, நான் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

"இன்னாம்மா, வெல பாதியா பூட்ச்சு. நீ பாட்டுக்கு மெஷின் மிதிச்சிகினு கீற?"

இன்றைக்கு என்ன விலை போகும் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: விற்கிறபோது விசாரித்துக்கொள்ளலாம், இப்போது எனக்குக் கொக்கி தைக்கிற வேலை இருக்கிறது.