பறங்கி விட்டுப்போன சொல்லும் எங்கள் அத்தானும்

எங்கள் அத்தான் கானா நாட்டுக் கடற்கரை ஊரொன்றில், பழைய ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்தவர். அங்கிருந்துதான் அடிமைகளைக் கப்பலேற்றினார்களாம். "எங்கட ஆக்களும் பிடிச்சு வித்தவை, அதையும் சொல்லவேணும்" என்பார். ஒளித்துப் பேசத் தெரியாத மனிதர். அவருடைய குடும்பப் பெயரே ஒல்லாந்த வியாபாரி ஒருவனுடையது. பிறந்த கிழமையை வைத்துத் தாய் இட்ட பெயரால்தான் அக்கா அவரைக் கூப்பிடுவார்.

இலண்டனில் பஸ் ஓட்டினார். தோர்ண்டன் ஹீத்தில் அக்காவைச் சந்தித்தார். அவரைத்தான் கட்டுவேன் என்று அக்கா சொன்னதும் வீடு இரண்டுபட்டது. "காப்பிலிக்கோ பிள்ளையைக் குடுக்கிறது?" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டார். ஆபிரிக்கரை இகழும் அந்தச் சொல் எங்கள் வாயில் சர்வசாதாரணமாகப் புழங்கியது. நாங்கள் என்னவோ பால்வெள்ளை மாதிரி! கலியாணத்துக்கு அம்மா போகவில்லை.

பேத்தி பிறந்த பிறகுதான் அவர்கள் வீட்டு வாசற்படி மிதித்தார். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, வாய் தவறி, "காப்பிலி மயிர்" என்றுவிட்டார். அத்தான் தமிழ் பழகியிருந்தது அம்மாவுக்குத் தெரியாது. அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அத்தான் தேத்தண்ணிக் கோப்பையை அம்மா முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார்.

"மாமி, அது உங்கட சொல்லில்லை. போர்த்துக்கேயர் எங்கட ஆக்களை அடிமையாய் உங்கட இலங்கைக்குக் கொண்டுவரேக்கை அந்தச் சொல்லையும் கொண்டுவந்தவை. அவை போயிட்டினம். நீங்கள் ஏன் அதை இன்னும் வைச்சிருக்கிறியள்?"

அம்மா தன் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி, "ஆறப்போகுது, நீங்கள் குடியுங்கோ தம்பி" என்றார். எங்கள் அம்மா மன்னிப்புக் கேட்பது அப்படித்தான். அதன்பின் உறவினர் யாராவது அந்தச் சொல்லை எடுத்தால், "பறங்கியின்ரை சொல்லை என்ரை வீட்டுக்கை கொண்டுவராதையுங்கோ" என்று சீறுவார்.

போன வருடம் அத்தான் நோயில் விழுந்தபோது அம்மாதான் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனார். "மாமி, உறைப்புக் காணாது" என்று கடைசிவரை நக்கலடித்தார், பாவி மனிதர். அந்தக் குரல் இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

இறுதிச்சடங்குக்குக் கானாவிலிருந்து ஓடிவந்த அவருடைய சகோதரிக்கும், தோளோடு தோள் நின்ற பஸ் நண்பர்களுக்கும், சமைத்துத் தந்த அயலவர்க்கும் எங்கள் நன்றி.

அத்தானின் நினைவு மலருக்கு எழுதிய இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிவில், "எங்கள் குடும்பம் அவரை ஏற்றுக்கொண்டது" என்று எழுதியிருந்தேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அதை வெட்டு பிள்ளை. அவரெல்லோ எங்களை ஏற்றுக்கொண்டவர்."